வழக்கு எழுந்த இடம்

புரட்டாசி பிறந்த அன்று காலை, நெட்டூரணியிலிருந்து கல்லம்பாறைக்குப் போகும் முதல் பஸ் எங்கள் வேலாங்கரை நிறுத்தத்தை விட்டுக் கிளம்பியதும், வண்டிக்குள் யாருடைய வாயும் அசையாமல், இடது பக்க ஜன்னல்களை ஒட்டி ஒரு ஆண்குரல், "அக்கா, நீ வெசனப்படாத, ஆவணி பொறந்ததும் ஒன் கிரைண்டரக் கொண்டாந்து நடையில எறக்கிருதேன்" என்றது. கண்டக்டர், "யாருய்யா அது ஸ்பீக்கர்ல போட்டிருக்கது, அமத்துங்க" என்று அதட்டினார். அடுத்த நடையிலும் அதே இடத்தில் அதே குரல் வந்தது, அதற்கடுத்த நடையிலும் வந்தது, மறுநாளும் வந்தது, அதற்குப் பிறகு அவர் அதட்டுவதை விட்டுவிட்டு, வாக்கியம் முடியும்வரை டிக்கெட் கிழிக்கும் கையை நிறுத்திவைத்து, முடிந்ததும் கிழித்துக் கொடுக்கப் பழகிக்கொண்டார்.

குரல் யாருடையது என்று எங்களில் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆவுடையப்பன் குரல் எங்களுக்குத் தெரியாதா, இதே தெருவில் மூக்கு ஒழுகத் திரிந்தவன்தானே, அவனைப் பெற்றவள் வேலைக்குப் போன பகல்களிலெல்லாம் அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் பெரியம்மா மகள் சொர்ணக்கிளிதானே. வளர்ந்து கல்லம்பாறையில் பெண் எடுத்து, அங்கேயே பஸ் நிலையத்துக்கு எதிரில் ஓட்டல் போட்டவன், ஆனி மாதத்தில் ஒருநாள், கிரைண்டர் மோட்டார் புகைந்து கல்லும் விரிசல் விட்டுவிட்டது என்று அக்காவிடம் வந்து நின்றான். சொர்ணக்கிளி மாவு ஆட்டி விற்றுப் பிழைக்கிறவள். அவளுடைய கிரைண்டர் நாலு ஆள் சேர்ந்து தூக்கவேண்டிய பெரிய கல் கிரைண்டர், அதில் ஆட்டிய மாவு சட்டியை விட்டு எழுந்து வெளியே எட்டிப் பார்க்கும். "ரெண்டு மாசம் நான் ஆட்டுரல்ல சமாளிச்சுக்கிடுதேன், நீ கொண்டு போ" என்று அவள் சொல்ல, அவன் கிரைண்டரை மினி லாரியில் முன்னால் அனுப்பிவிட்டு, அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறி, பஸ் நகரும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அந்த வாக்கியத்தைச் சொன்னான்.

ஆவணி வந்தது, ஊரெல்லாம் கல்யாணம் நடந்தது, ஆவணி போயும் போனது. கல்லம்பாறைக்குப் போய்வந்தவர்கள் எல்லாம் ஆவுடையப்பன் ஓட்டல் இட்லி பஞ்சு மாதிரி இருக்கிறது, பத்து மணிக்கு மேல் போனால் கிடைப்பதில்லை என்று சொர்ணக்கிளியிடமே வந்து சொன்னார்கள். அவள் "அப்படியா, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஆட்டுரலைச் சுற்றினாள். வலது கை தோளிலிருந்து மணிக்கட்டுவரை வீங்கிப்போயிருந்தது. மாவு வாங்கிக்கொண்டிருந்த நெட்டூரணிக் கடைகள் ஒவ்வொன்றாக வேறு இடம் பார்த்துக்கொண்டன. ஆனாலும் அவனிடம் போய்க் கேட்கவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளையின் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது என்பாள், அவனுக்கே தெரியாதா என்பாள், அதற்குமேல் பேச்சை வளர்க்கமாட்டாள்.

இனி அந்தக் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். அது காற்றில் அலைகிற குரல் அல்ல. பஸ் நகர நகர அவன் பேசியதால், வாக்கியம் சாலை நெடுகக் கிடந்தது, பஸ் ஜன்னல் உயரத்தில், எந்தச் சொல் எங்கே வாயிலிருந்து விழுந்ததோ அங்கேயே. டீக்கடை வாசலில் 'அக்கா', ரேஷன் கடைக்கு நேரே 'நீ வெசனப்படாத', டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் 'ஆவணி பொறந்ததும்', ஓடைப் பாலத்தின் மேல் 'ஒன் கிரைண்டர', அதைத் தாண்டி ஊர் முடிகிற எல்லைக்கருப்பன் கல்லை ஒட்டி 'கொண்டாந்து நடையில எறக்கிருதேன்'. நின்று கேட்டால் நின்ற இடத்துச் சொல் மட்டும்தான் கேட்கும். நடந்துபோனால் ஒப்பாரி மாதிரி இழுத்துக்கொண்டு வரும். பஸ் கிளம்பிப்போகிற வேகத்தில் போனால்தான் மனிதன் பேசுகிற மாதிரி இருக்கும், எதிர்ப்பக்கமிருந்து வந்தால் அது யாருக்கும் புரியாத பாஷையாகிவிடும், அந்தப் பாஷையைப் பேசக் கற்றுக்கொண்டு எங்கள் பிள்ளைகள் வாத்தியாரிடம் அடி வாங்கினார்கள்.

கொஞ்ச நாள் எல்லோரும் அதன்மேல் கண்ணாகவே இருந்தோம். சைக்கிளில் வேகம் கூட்டிக் குறைத்துப் பார்த்தோம், உயரம் போதாதவர்களைத் தோளில் தூக்கிக் காட்டினோம், மழை பெய்தால் நனையுமா என்று பார்த்தோம், நனையவில்லை. நாங்களும் அதே இடத்தில் நின்று கத்திப் பார்த்தோம், எங்கள் சொல் ஒன்றுகூட ஒட்டவில்லை. எது ஒட்டும், எது ஒட்டாது என்ற கணக்கு பிடிபடாமல் போனதும், பிடிபடாததைக் குடைந்துகொண்டு என்ன செய்ய என்று விட்டுவிட்டு, அது அங்கே கிடப்பதில் நமக்கு என்ன ஆகும் என்று பார்க்க ஆரம்பித்தோம்.

ஆயிற்று நிறைய. ரேஷன் கடைக்கு முன்னால் எப்போதும் சண்டை நடக்கும், இப்போது வரிசையில் நிற்கிறவர்கள் படியில் ஏறி நின்று தலையை அண்ணாந்து 'நீ வெசனப்படாத, நீ வெசனப்படாத' என்று கேட்டுக்கொண்டே நின்றதில் சர்க்கரை வரவில்லை என்றாலும் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். மகன் வேலைக்குப் போன இடத்திலிருந்து பேசவில்லை என்று மருகுகிறவள், நாளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்களோ என்று பயந்தவன், எல்லோரும் கையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு, ரேஷன் வாங்க வந்த மாதிரி, அந்த ஒரு சொல்லுக்குக் கீழே வந்து நின்றார்கள். பெண்ணுக்கு வரன் தேடி அலுத்தவர்கள் டிரான்ஸ்பார்மரில் மின்சாரம் அடிக்கும் என்ற பயம்கூட இல்லாமல் 'ஆவணி பொறந்த'தற்குக் கீழே சூடம் கொளுத்தினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் வேலை கிடைக்கவேண்டும் என்று 'எறக்கிருதேன்' பக்கம் போய்க் கும்பிட்டார்கள். டீக்கடை வாசலில் எந்தப் பெண் போனாலும் 'அக்கா' என்று ஒரு கூப்பிடு விழுந்ததால், அங்கே உட்கார்ந்து பெண்பிள்ளைகளைக் கேலி பேசிய பையன்களுக்கு வாய் அடைத்துப்போயிற்று. இன்னொன்றும் நடந்தது, அது யாரும் சொல்லி நடந்ததில்லை. எங்கள் ஊரில் பஸ் ஏறிப் போகிறவர்கள் ஜன்னலிலிருந்து எதுவும் சொல்லாமல் போக ஆரம்பித்தார்கள். தீபாவளிக்கு வாரேன், பணம் அனுப்புதேன், போனதும் போன் பண்ணுதேன் என்றெல்லாம் கத்திக்கொண்டு போன ஊர், வெறுங்கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனது.

சொர்ணக்கிளிக்கு மட்டும் அதில் ஒரு அதிசயமும் தெரியவில்லை. எங்களுக்கெல்லாம் ஆறுதலாகக் கிடந்த சொல் அவளுக்குத் தொண்டையில் மாட்டிய முள்ளாகக் கிடந்தது. சாலையை விட்டுவிட்டு வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிப் போனாள். ஒருநாள் ரேஷனுக்கு வேறு வழியில்லாமல் வந்தவள், அண்ணாந்து நின்ற வரிசையைப் பார்த்துக் கொதித்துவிட்டாள். "எல்லாரும் நல்லா நின்னு கேளுங்க. ஒங்களுக்குக் கேட்டாப் போதும். எனக்குக் கல்லு வரணும்." அவள் அரிசியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவளை நெட்டூரணி வக்கீல் ததேயுஸிடம் அனுப்பியது அவள் புருஷன் கோமதிநாயகம். கட்டிட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை, கட்டிலிலேயே கிடக்கிறார், அவரைக் காலை, மதியம், மாலை என்று அவள்தான் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், தவறினால் முதுகு புண்ணாகிவிடும். "கையையும் ஒடிச்சுக்கிட்டா என்னைப் பொரட்டிப் போட யாரு இருக்கா? அவங்கிட்டக் கேக்க ஒனக்கு வாய் வரலன்னா வக்கீல் வாயால கேளு" என்றார் அவர். உடன்பிறந்தவனைப்போல வளர்த்தவனிடம் நேருக்கு நேர் கேட்பதைவிட, கோர்ட்டுக்குப் போவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், எங்கள் ஊரில் யாரும் சிரிக்கமாட்டோம்.

ததேயுஸ் வக்கீல் ஒல்லியான ஆள், வாதம் செய்யவில்லை என்றால் சாப்பாடு இறங்காது. அவர் பஸ்ஸில் வந்து கேட்டார், இறங்கித் திரும்ப நடந்து கேட்டார், பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருசமா ஒவ்வொரு பிராதுலயும் வழக்குமூலம், அதான் வழக்குக்கான காரணம், இன்ன இடத்துல எழுந்ததுன்னு டைப் அடிச்சிக்கிட்டு இருக்கேன். அது எழுந்து நிக்கத இப்பதான் பாக்கேன்" என்றார். அவரிடம் டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை.

எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது என்பதுதான் சொர்ணக்கிளிக்கு எல்லாமுமாக இருந்தது. எங்கள் ஊர் நெட்டூரணி முன்சீப் கோர்ட்டைச் சேர்ந்தது, அரைமணி நேரத்தில் போய்விடலாம், மதியத்துக்குள் திரும்பி வந்து புருஷனைப் புரட்டிவிடலாம். எல்லைக்கருப்பன் கல்லைத் தாண்டினால் கல்லம்பாறைக் கோர்ட்டின் எல்லை, அந்தக் கோர்ட்டோ பேருக்குத்தான் கல்லம்பாறை, அந்த ஊரையும் தாண்டி மலையைச் சுற்றிக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில் இருக்கிறது, விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. வாய்தாவுக்கு வாய்தா அவள் அங்கே போனால் கோமதிநாயகத்தின் முதுகு என்ன ஆகும்? அங்கேதான் வழக்கு என்றால், வழக்கே இல்லை என்று அர்த்தம். இது ததேயுஸுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், ஆவுடையப்பனின் வக்கீலுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அதனால்தான் அந்த வக்கீல் குரலை மறுக்கவே இல்லை. நெட்டூரணிக் கோர்ட்டில் நீதிபதி அம்மா, "குரல் கேட்பது பற்றி இரு தரப்புக்கும் ஏதாவது ஆட்சேபணை உண்டா" என்று கேட்டபோது இரண்டு வக்கீல்களும் இல்லை என்று தலையாட்டினார்கள். அது எங்கே விழுகிறது, எந்தக் கோர்ட்டில் வழக்கு நிற்கும் என்பதில்தான் தகராறு. பிரதிவாதி குடியிருப்பது கல்லம்பாறையில், கிரைண்டர் இருப்பது கல்லம்பாறையில், 'எறக்கிருதேன்' என்ற சொல்லை அவர் முடித்ததும் எல்லைக்கல்லைத் தாண்டிக் கல்லம்பாறை எல்லைக்குள்தான், ஆகவே வாக்கு உருவானதே அங்கேதான் என்று எதிருரை வந்தது. "வழியிலே பாதியைச் சொல்லிவிட்டு இறங்கிப்போயிருந்தால் அது வாக்கா, கனம் நீதிபதி அவர்களே?" என்று அந்த வக்கீல் கேட்டபோது, நாங்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்து, எதிரி என்றாலும் ஆள் கெட்டிதான் என்று ஒத்துக்கொண்டோம்.

ததேயுஸ் அதற்கு அஞ்சவில்லை. சொல் முடிகிற இடம் கல்லிலிருந்து கொஞ்ச தூரம்தான் தள்ளி இருக்கிறது, சர்வே வரைபடத்தில் எல்லை கல்லம்பாறைப் பக்கமாக இன்னும் தள்ளி இருக்கிற மாதிரித் தெரிகிறது, அளந்துவிட்டால் முழு வாக்கும் நம் பக்கம் விழுந்துவிடும் என்று சந்தோஷமாக ஊருக்கு வந்து, "இந்தக் கல்லு ஆதியிலயிருந்து இங்கதான இருக்கு?" என்று எங்களைக் கேட்டார். நாங்கள் பூசாரியைப் பார்த்தோம். அவர் மறுபடி கேட்டார். கடைசியில் பூசாரிதான் சொன்னார். கருப்பன் முன்பு அங்கே பொட்டலில், மொட்டை வெயிலில் நின்றார். ஒரு சித்திரையில் முகத்தில் பூசிய மஞ்சள் காய்ந்து வெடித்து உதிர்வதைப் பார்க்கப் பொறுக்காமல், ஊர் கூடி, மேளம் வைத்து, கல்லைப் பிடுங்கி இந்தப் பக்கம் வாகை மர நிழலில் கொண்டுவந்து நட்டோம். சர்வே கல்லா, சாமிக் கல்லா என்றெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள்?

"வரைபடத்துக்கு ஆதாரமே இந்தக் கல்லுதான, சாமிக்கு நெழல் குடுக்கேன்னு ஜில்லாவுல பாதியத் தூக்கிக் குடுத்துருக்கியளே!" என்று ததேயுஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். திரும்ப எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடலாமே என்றோம். வழக்கு நடக்கையில் எல்லைக்கல்லைத் தொட்டால் ஊரோடு உள்ளே போவீர்கள் என்றார். அது போக, கருப்பனிடமும் கேட்கத்தான் வேண்டும் என்று பூசாரி வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்த்தார், சிவப்புதான் வந்தது, சாமி சம்மதிக்கவில்லை, நிழல் அவருக்குப் பழகிவிட்டது. பழைய குழி எங்கே இருந்தது என்று ஆளுக்கு ஒரு இடத்தைக் காட்டினார்கள், ஐந்து பேர் காட்டியதில் ஐந்து இடம் வந்தது. சொர்ணக்கிளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "நல்ல மனசுதான் ஒங்க எல்லாருக்கும்" என்று மட்டும் சொன்னாள். எங்களைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

நேரில் போய்க் கேட்டு அறிக்கை தர நீதிபதி அம்மா ஒரு ஆணையரை நியமித்தார். ஆணையர் என்றால் பெரிய ஆள் யாரோ வருவார் என்று நாங்கள் பந்தல்கூடப் போட்டு வைத்திருந்தோம், வந்திறங்கியது நிலோபர் என்ற சின்ன வயது வக்கீல் பெண், கையில் அளவு நாடா, தோளில் ஒரு பை, கண்ணில் பிள்ளைகளிடம் மட்டும் நாங்கள் பார்த்த ஒரு ஆவல். பந்தலில் உட்காராமல் நேரே டீக்கடை வாசலுக்குப் போய், 'அக்கா' என்ற கூப்பிடு விழுந்ததும், "ஆமா, இங்கதான்" என்று பதில் சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டாள். அன்றைக்கு ஆவுடையப்பனும் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, ஊருக்குள் வராமல் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டான். சொர்ணக்கிளி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை, ஆனால் அவள் கை வீங்கியிருப்பதை மட்டும் பார்த்துவிட்டான் என்று எங்களுக்குத் தெரிந்தது.

எல்லோரும் பஸ்ஸில் ஏறினோம், ஏற முடிந்தவர்கள் எல்லாம். வண்டி கிளம்பியது. 'அக்கா' போயிற்று, 'நீ வெசனப்படாத' போயிற்று, 'ஆவணி பொறந்ததும்' போயிற்று, பாலத்தில் 'ஒன் கிரைண்டர' வந்தது, கருப்பன் கல்லை வண்டி தாண்டும்போது 'எறக்கிருதே' என்று கேட்டு, தாண்டிய பிறகு கடைசி எழுத்து வந்து விழுந்தது. நிலோபர் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள். கல்லின்படி ஒரு மாதிரி, பழைய குழியின்படி ஒரு மாதிரி, குழியோ ஐந்து. அவள் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றபோதுதான் ஆவுடையப்பனின் வக்கீலுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் தோன்றியது.

"ஆணையர் அவர்கள் இங்கேயே நிறுத்தக்கூடாது. என் கட்சிக்காரர் இதற்குப் பிறகும் ஏதாவது பேசியிருந்தால், அதுவும் வாக்கின் பகுதிதான். கடைசிச் சொல் எங்கே முடிகிறதோ அதுவரைக்கும் போய்க் கேட்டாக வேண்டும்" என்றார்.

"இதுக்குமேல ஒண்ணும் இல்லியே" என்றார் கண்டக்டர். "செங்கச்சூளை வளைவு வந்துரும், ஆரன் அடிக்கணும்."

"இன்னைக்கு ஆரன் அடிக்காமப் போக முடியுமா?" என்று நிலோபர் டிரைவரைக் கேட்டாள். அவளுக்கு வழக்கைவிட அதில்தான் ஆசை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆவுடையப்பன் எழுந்தான். "வேண்டாம் சார், போதும், இதுவரைக்கும் போதும்" என்றான் தன் வக்கீலிடம். அவனுக்கும் என்னவென்று நிச்சயமாக நினைவில்லை, ஏதோ இருக்கிறது என்று மட்டும் நினைவிருந்திருக்கும். வக்கீல் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

அந்த வளைவை எந்த பஸ்ஸும் ஆரன் அடிக்காமல் கடந்ததில்லை. அன்று கடந்தது. டிரைவர் வாயை இறுக்கிக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்ப, வண்டிக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, சூளையின் புகை ஜன்னலைத் தொட்ட இடத்தில் அதே குரல், ஆனால் கத்திச் சொல்கிற குரல் இல்லை, சீட்டில் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டு தனக்குத்தானே பேசுகிற குரல், நிதானமாகச் சொன்னது.

"நம்ம அக்காதான. கேக்க மாட்டா."

வண்டி நின்றது. யாரும் ஆவுடையப்பனைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம். அந்தச் சொல்லில் வெறுப்பு இருந்திருந்தால் அவனை அங்கேயே இறக்கி உதைத்திருப்போம், அதில் இருந்தது பாசம்தான், நம் வீட்டுக் கதவு சாத்தியிருக்காது என்று நம்பிப் போகிற பிள்ளையின் பாசம், அதனால்தான் எங்களுக்கு உடம்பு கூசியது. எங்களில் யாருக்குத்தான் கேட்கமாட்டாள் என்று ஒரு அக்கா இல்லை, கேட்கமாட்டார் என்று ஒரு அண்ணன் இல்லை? நாங்கள் வாங்கித் திருப்பித் தராததெல்லாம், கேட்கமாட்டார்கள் என்று தெரிந்துதானே வாங்கினோம்?

சொர்ணக்கிளி வண்டியை விட்டு இறங்கினாள். ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு நேரே சாலையில் வந்து நின்றாள், நின்று வாயைத் திறந்தாள். ததேயுஸ் படியில் தடுக்கி விழப்போய், எழுந்து, ஓடி வந்து அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"யம்மா, யம்மா, இங்க நின்னு எதுவும் கேட்டுராதிய! நீங்க இங்க கேட்டு, அவரு இங்கயே இல்லைன்னு சொல்லிட்டா, வழக்குமூலம் இங்கயே எழுந்துரும். அப்புறம் கல்லம்பாறைதான். கட்டில்ல கெடக்க அண்ணாச்சிய நெனைச்சுப் பாருங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள். இத்தனை மாதமாக வராத சொல் நாக்கில் வந்து நிற்கிறது, நிற்கிற இடம் தப்பாக இருக்கிறது. அவள் எதிரில் நின்ற ததேயுஸை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு திரும்பி எங்கள் ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். உதட்டை இறுக்கி மூடி, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு நடக்கிறவள் மாதிரி, வீங்கிய கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, மேட்டுச் சாலையில் ஏறினாள். நாங்கள் எல்லோரும் இறங்கிப் பின்னால் நடந்தோம். நிலோபர் அளவு நாடாவைச் சுருட்டக்கூட மறந்து, அது தரையில் இழுபட, எங்களோடு நடந்தாள். தலைக்குமேலே அவனுடைய வாக்கு பின்னாலிருந்து முன்னாக, யாருக்கும் புரியாத பாஷையில் முனகிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல் இறங்கி, எல்லோருக்கும் கடைசியில் வந்தான்.

சொர்ணக்கிளி வாகை மர நிழலைக் கடந்தாள், கருப்பன் கல்லைக் கடந்தாள், இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தாள். ததேயுஸ் போதும் என்று கையைக் காட்டினார். அவள் திரும்பினாள். அவன் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டான். நாங்கள் சாலையின் இரண்டு ஓரத்துக்கும் ஒதுங்கி வழி விட்டோம்.

"தம்பி" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "ஏலே ஆவுடையப்பா. என் கிரைண்டரக் குடு. நான் கேக்கேன்."

அவனுடைய வக்கீல் ஓடி வந்து அவன் கையைப் பிடித்தார். "பதில் சொல்லாதிய. கல்லத் தாண்டாதிய. முன்னால ஆணையருக்காக வந்தது வேற, இப்ப அவங்க கேட்டதுக்குத் தாண்டிப் போயி நின்னா அந்தக் கோர்ட்ட நீங்களே ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அவன் கல்லைப் பார்த்தான், கல்லுக்கு மேலே தன் சொல் கிடக்கிற இடத்தைப் பார்த்தான், அக்காவின் கையைப் பார்த்தான். பிறகு வக்கீலின் பிடியை மெதுவாக விலக்கிவிட்டு, கருப்பனுக்கு முன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற மாதிரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு கல்லைத் தாண்டி நெட்டூரணிக் கோர்ட்டின் எல்லைக்குள் வந்தான். ததேயுஸ் தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார், யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. நிலோபர் எதையோ எழுதப்போய், எழுதாமல் நின்றாள். ஐந்து குழியும் அதற்குப் பிறகு யாருக்கும் தேவைப்படவில்லை.

அவன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். சின்ன வயதில் தப்பு செய்துவிட்டு நிற்கிற மாதிரி நின்றான். "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தான். எங்கள் எல்லோருக்கும் அந்தச் சொல்லைக் கேட்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. அது ஒட்டுமா ஒட்டாதா என்று தெரிந்துகொள்ளவும் ஆசையாக இருந்தது.

சொர்ணக்கிளி வீங்கிய கையைத் தூக்கி அவன் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"வேண்டாம் தம்பி, பேசாத. நீ பேசுனதெல்லாம் அந்தா கெடக்கு. போயி எடுத்துட்டு வா."